வாசக்காலுக்குக் கீழே இருபது பைசா

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு லாசர் தன் சொந்த வீட்டு வாசக்காலைக் கடப்பாரையால் பெயர்க்க ஆரம்பித்தான். ஏழே காலுக்கெல்லாம் பாதிக் குப்பம் அங்கே கூடிவிட்டது. வாடைக்காற்று இரண்டு நாளாக விடாமல் அடித்ததில் யாரும் கடலுக்குப் போகவில்லை, படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தது. சும்மா இருக்கிற ஆம்பிளைகளுக்கு அடுத்தவன் வீட்டு வாசலை விட்டால் வேறு சினிமா ஏது?

"இன்னா லாசரு, புதையலா?" என்றான் எதிர்வீட்டு சேட்டு, வாயில் பிரஷ்ஷோடு.

"ஆமாண்டா, புதையலுதான். உனக்கும் பங்கு தரேன், வந்து ஒரு கை புடி."

சேட்டு பிரஷ்ஷை எடுக்காமலே வந்து பிடித்தான். அவனுக்கு வாய்தான் கோணல், மனசு நேர்.

உள்ளேயிருந்து லாசரின் மனைவி தேசம்மா கத்தினாள். "யோவ், மேல செவுத்த பாருய்யா! வாசக்கால உருவிக்கினா அது நம்ம தலையில குந்தப் போவுது!"

அவள் சொன்னது சரி. லாசர் படகுக்கு வைத்திருந்த மூங்கிலையும் இரண்டு துடுப்பையும் கொண்டுவந்து மேல்சுவருக்கு முட்டுக் கொடுத்தான். அப்புறம் மறுபடி கடப்பாரை. வேப்பமரத்து வாசக்கால். ஐம்பது வருஷ உப்புக்காற்றைத் தின்று கல்லாக இறுகியிருந்தது. வலது காலின் அடிப்பாகம் மட்டும் அசைவதாக இல்லை. சேட்டு ஒரு பக்கம், லாசர் ஒரு பக்கம் நின்று தம் கட்டி ஆட்டினார்கள். பத்து மணி சுமாருக்கு 'டக்' என்று ஒரு சத்தம். கால் விட்டுக்கொடுத்தது. சுவரில் தலைக்கு மேலே விரல் நுழைகிற அளவு ஒரு விரிசல் ஓடியது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

லாசர் மட்டும் பின்வாங்காமல் முட்டி போட்டு, குழிக்குள் கையை விட்டான். பழைய சுண்ணாம்புக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஒரு பாளத்தைப் புரட்டினபோது கறுப்பாக, ஓரத்தில் பச்சை பூத்து, வட்டமாக ஒன்று கீழே விழுந்தது.

தேசம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சேட்டு எட்டிப் பார்த்தான். "இருபது பைசாவா? அட கஸ்மாலம்! இதுக்காடா வாசல பேத்த?"

சிரிப்பு எழுந்தது. லாசர் சிரிக்கவில்லை. அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மனைவியிடம் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சேட்டுக்கு என்ன, அவன் வீடு பட்டியலில் இருந்தது. லாசர் வீடு இல்லை.

நொச்சிக்குப்பத்துக்குத் தெற்கே, அடையாறு கடலில் விழுகிற இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது இந்தக் குப்பம். வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு அதே இடத்தில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். எண்பதாம் வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு என்றால் இங்கேயே ஒரு பிளாட். அதற்கு அப்புறம் வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளி. விடிகாலை நாலு மணிக்குத் துறைமுகத்து விசைப்படகு ஏலத்தில் மீன் எடுத்து, எட்டு மணிக்குள் ஆழ்வார்பேட்டையில் வாடிக்கை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் தேசம்மா. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து எந்த பஸ் மீன் கூடையை ஏற்றிக்கொண்டு நாலு மணிக்கு வரும்? லாசர் படகை யார் காவல் காப்பார்கள்? பட்டியலில் பேர் இல்லை என்றால் இருவருக்கும் தொழில் இல்லை. விஷயம் அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

வீடு கட்டின வருஷத்துக்குக் காகிதம் கேட்டார்கள். காகிதமெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி சுனாமியில் போனது. பக்கத்து வீட்டு சாட்சி செல்லாது என்று கணக்கெடுக்க வந்த ஆபீசர் தாரணி சொல்லிவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. நல்ல பெண்தான், ஆனால் பிடி கொடுக்கமாட்டாள். "இங்க எல்லாரும் எல்லாருக்கும் சாட்சி சொல்றீங்க. நான் யாரைத்தான் நம்பறது?" என்றாள்.

அப்போதுதான் லாசருக்கு அது ஞாபகம் வந்தது. "மேடம், எங்க நைனா இந்த வூட்ட கட்டசொல்லோ வாசக்காலுக்கு அடியில புதுக் காசு வெச்சாரு."

"எந்த வருஷக் காசு?"

"அது தெரியாது மேடம். புதுக் காசு."

தாரணி கொஞ்சம் யோசித்தாள். "எடுத்துட்டு வாங்க. எந்தக் காலத்துக் காசு, எப்ப வெச்சதுன்னு விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணி. அதுக்கு மேல என் கையில இல்ல."

வாசலில் காசு வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பழைய வெள்ளிக்காசு வைப்பார்கள், ராணி தலை போட்டதைத் தேடிப்பிடித்து வைப்பார்கள். லாசரின் அப்பா சவரிமுத்துவின் வீட்டார் மட்டும் அப்படிச் செய்யமாட்டார்கள். பாங்கிக்குப் போய், இன்னும் யாரும் செலவு பண்ணாத காசு ஒன்று வாங்கிவந்து வைப்பார்கள். ஒருதரம் செலவான காசுக்கு வெளியே போகிற வழி தெரிந்துவிடும். அதை வாசலில் வைத்தால் வீட்டில் ஒன்றும் தங்காது, வருகிறதெல்லாம் அதன் பின்னாலேயே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டில் அதை யாரும் சிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

*

மத்தியானம் லாசர் வாசலில் கிடந்த இடிபாட்டையெல்லாம் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான். தேசம்மா கொல்லைப்பக்கம் குந்தி காணாங்கத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியில் புளி ஊறிக்கொண்டிருந்தது. காசு முந்தானை முடிச்சில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசர் கையில் போகிற காசு. இந்தக் கோலத்திலா போவது? மகள் பரீட்சைக்குப் போனால் தலை வாரி அனுப்புவதில்லையா? தேசம்மா காசை எடுத்துப் புளியில் போட்டாள். கறுப்பு கொஞ்சம் விட்டது. சாம்பல் போட்டாள். பச்சை போகவில்லை. கடைசியில் ஒரு கை மணலை அள்ளி, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். பதினைந்து வருஷமாக மீன் கத்தி தேய்த்த கை அது, பலத்துக்குக் குறைவில்லை. கழுவித் துடைத்துப் பார்த்தபோது காசு பொன்னாக மின்னியது.

"யோவ், இங்க பாரு! தங்கக் காசு மாரி கீது!"

லாசர் பார்த்தான். அவனுக்கும் சந்தோஷம்தான். "நைனா வெச்சசொல்லோ இப்டிதான் இருந்திருக்கும் மே" என்றான்.

மகள் அனு மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். பழைய நாணயம் சேர்க்கிற பெரியவர் ஒருவர் அங்கே நகல் எடுக்க வருவார். கல்யாணராமன் என்று பேர், பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். காசு சேர்க்கிறவர்கள் சங்கத்தில் அவர்தான் செயலாளர், சீல் வைத்த லெட்டர்பேடு உண்டு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, அவர் வீட்டுக்குப் போனார்கள்.

குளத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடி. கூடத்தில் மூவரையும் உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். தேசம்மா டம்ளரைத் தொடாமல் காசை நீட்டினாள்.

கல்யாணராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஓஹோ! தாமரை இருபது பைசா. பாருங்கோ, பூ தெரியறதா? இதை அறுபத்தெட்டுலேர்ந்து எழுபத்தொண்ணு வரைக்கும் ஒரு நாலு வருஷம்தான் அடிச்சா. பொன் மாதிரி இருக்குன்னு ஆத்துக்கு ஆத்து பதுக்கி வெச்சுண்டா. நன்னா ஞாபகம் இருக்கு நேக்கு."

லாசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "அப்போ எண்பதுக்கு முன்னாடிதானே சாமி?"

"காசு எண்பதுக்கு முன்னாடிதான். சந்தேகமே இல்லை."

"மாதாவே!" என்றாள் தேசம்மா. காபி டம்ளரை இப்போதுதான் எடுத்தாள்.

கல்யாணராமன் பூதக்கண்ணாடியை எடுத்து விளக்குக்கு அடியில் காசைத் திருப்பினார். ஒருதரம், இரண்டுதரம். முகம் மாறியது. "இதை யாரு தேச்சா?"

"நான்தான் சாமி. புளி போட்டு தேச்சேன். பச்ச புடிச்சினு கலீஜா இருந்துச்சு."

"புளி மட்டுமா?"

"சாம்பலு. அப்புறம் கொஞ்சம் மணலு."

அவர் காசை மேஜைமேல் வைத்தார். கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நான் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்கோ. காசு எப்போ அடிச்சதுன்னு நான் சொல்லிடுவேன். அது எப்போ உங்காத்து வாசலுக்குக் கீழே போச்சுன்னுதானே அந்த ஆபீசர் கேக்கறா? தொண்ணூறுல வீடு கட்டினவன்கூட எழுபதாம் வருஷத்துக் காசை வெச்சிருக்கலாமோன்னோ?"

"எங்கூட்ல புதுக் காசுதான் சாமி வெப்பாங்க."

"அதான். அதைத்தான் காசு சொல்லணும். புதுக் காசுன்னா இந்தத் தாமரை இதழ்ல பொடிப்பொடியாக் கோடு இருக்கும். கை மாற மாற முதல்ல போறது அந்தக் கோடுதான். கோடு இருந்தா, இது புழங்காத காசுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இப்போ கோடு ஒண்ணுகூட இல்லையே, வருஷம்கூட மழுங்கிப்போச்சு! ஊரெல்லாம் சுத்தித் தேஞ்சுதா, நீங்க மணல் போட்டுத் தேச்சதுல தேஞ்சுதான்னு யாராலம்மா சொல்ல முடியும்?"

தேசம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். அனு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அப்போ நீங்க எழுதித் தர மாட்டீங்களா சார்?" என்றாள் அனு.

"இது தாமரைக் காசுன்னு எழுதித் தரேன் கொழந்தே. அதுக்கு மேல எழுதினா அது பொய்."

படியில் இறங்கும்போதே லாசர் ஆரம்பித்துவிட்டான். "ஒரு நாளு உன் கை சும்மா கீதா மே? எதையாவது தேச்சினே இருக்கணுமா? எங்க நைனா அம்பது வருசம் பத்ரமா வெச்ச பொருள ஒரே மத்தியானத்துல காலி பண்ணிக்கினியே!"

"நான் இன்னா வேணும்னா பண்ணேன்? நீயும்தான் பாத்து பல்ல இளிச்ச!"

"வாயிலியே போடுவேன்."

"போடு. போடுய்யா. நாளான்னிக்கி இந்த கூடைய தலையில தூக்கினு எந்த ஊர்ல போயி எவனாண்ட மீன் விப்பேன்னு எனக்குத் தெரியாதா? உன்னவிட எனக்கு வவுறு எரியுது!" அவள் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். லாசர் அவளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றான்.

மேலேயிருந்து கல்யாணராமன் கூப்பிட்டார். "கொஞ்சம் நில்லுங்கோ! அந்தக் காசை எதுல பதிச்சிருந்தா? சிமெண்டா?"

"இல்ல சாமி. கிளிஞ்சல் சுண்ணாம்பு. எங்க நைனாவே வெண்ண மாரி அரைச்சு போட்டாராம்."

"பதமாப் போட்டிருந்தா அதுல காசோட அச்சு விழுந்திருக்கும். வெச்ச அன்னிக்கு காசு எப்படி இருந்துதோ அப்படியே விழுந்திருக்கும். அந்தக் காரை எங்கே?"

லாசர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு படி இறங்கினான்.

"எங்கய்யா?" என்றாள் தேசம்மா.

"சாக்குல அள்ளி... கடல் ஓரமா அடுக்கிட்டேன் மே. பின்செவுத்தாண்ட அலை அரிக்குதேன்னு."

தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப யாரு கை சும்மா இல்ல?" என்றாள்.

*

வியாழக்கிழமை விடிந்தபோது வாடை இன்னும் ஏறியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் லாசர் அடுக்கிய ஒன்பது சாக்கில் ஏழுதான் இருந்தது. ஒன்று வயிறு கிழிந்து பாதி அலைக்குள் கிடந்தது. இன்னொன்றைக் காணவே காணோம். ஒரு நாள் மீன் வியாபாரம் போனால் போகட்டும் என்று தேசம்மா ஏலத்துக்குப் போகவில்லை. ஆழ்வார்பேட்டை வாடிக்கைக்கு போன் பண்ணி "ஒடம்பு செரியில்லம்மா" என்று பொய் சொன்னாள். அனு கடைக்கு லீவு போட்டாள்.

ஒவ்வொரு சாக்காகத் தூக்கி வந்து மேட்டில் கொட்டினார்கள். செங்கல், ஓடு, காரை, மணல். ஒவ்வொரு காரைத் துண்டாகப் புரட்டிப் பார்க்கவேண்டும். முதல் சாக்கில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஒரு வட்டம் தெரிந்து அனு கத்தினாள். அது ஏதோ பாட்டில் மூடி. ஐந்தாவது சாக்குக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. உப்புக் காற்றில் மூன்று பேர் கண்ணும் சிவந்து எரிந்தது. சேட்டு வீட்டிலிருந்து கஞ்சியும் வறுத்த நெத்திலியும் வந்தது. லாசர் நின்றுகொண்டே நாலு வாய் குடித்தான்.

சேட்டும் வந்து உட்கார்ந்து புரட்டினான். "நேத்து இருபது பைசா, இன்னிக்கி அதோட நெழலா? நல்ல புதையல்டா சாமி" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை.

ஏழாவது சாக்கும் முடிந்தது. இனி மிச்சம் அலைக்குள் கிடந்த கிழிந்த சாக்குதான். பத்து மணிக்கு மேல் தண்ணீர் ஏறும் என்று லாசருக்குத் தெரியும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு அலை வந்து இடுப்புக்கு மேல் அடித்தது. சாக்கின் வாயைப் பிடித்து இழுத்தான். சாக்கு கிழிந்தது. உள்ளே இருந்த காரை எல்லாம் அவன் காலடியில் சரிந்தது. அடுத்த அலை அதைத் தொடுவதற்குள் லாசர் மண்டி போட்டு, இரண்டு கையையும் அகல விரித்து, அள்ளின மட்டும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அலை அவனை உருட்டியது. சேட்டு ஓடிப்போய் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான்.

மேட்டில் கொட்டினபோது ஏழெட்டுத் துண்டுகள்தான் இருந்தன. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, மல்லாந்து கிடந்தது. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு பூ.

தேசம்மா பாய்ந்தாள்.

"தேசம்மா, கை வெக்காத!" லாசர், அனு, சேட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தொட மாட்டேன்யா. சத்தியமா தொட மாட்டேன். நீயே எடு."

அன்று சாயங்காலம் அந்தக் காரைக்கட்டியைப் பழைய துணியில் சுற்றி, ஒரு சோற்று டப்பாவில் வைத்து, அனு மடியில் வைத்துக்கொள்ள, மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். கல்யாணராமன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சின்ன உருண்டை சப்பாத்தி மாவு கொண்டுவந்தார். எண்ணெய் தொட்டு, பள்ளத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். எடுத்துத் திருப்பினார். மாவில் ஒரு தாமரை. இதழுக்கு இதழ் கோடு கோடாக, நேற்றுப் பூத்த மாதிரி நின்றது. அதற்குக் கீழே வருஷம்: 1971.

"பேஷ்!" என்றார். அப்புறம் பேனாவை எடுத்து நிறுத்தினார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வெச்ச அன்னிக்கு இது புழங்காத காசு. அது நிச்சயம், எழுதறேன். எழுபத்தொண்ணுலதான் வெச்சான்னு எழுத மாட்டேன். புதுக் காசை யாராவது பத்து வருஷம் பெட்டியில வெச்சிருந்து அப்பறமா வெச்சிருந்தா? அந்த ஆபீசர் கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

லாசருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கடலில் புரண்டு எடுத்தும் மனுஷன் ஒரு வரி கூட்டி எழுதக்கூடாதா? ஆனால் பொய் எழுதாதவன் கையெழுத்துக்குத்தானே மதிப்பு. அதையும் அவன் அறிவான். கடிதத்தை வாங்கிக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு குப்பத்துச் சமூகக்கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. தாரணி மேஜையில் ஃபைல் அடுக்கியிருந்தது. முதலில் அனு கடிதத்தை வைத்தாள். அடுத்தது காசு. அடுத்தது காரைக்கட்டி.

தாரணி கடிதத்தை இரண்டுதரம் படித்தாள். "காசு புதுசா இருந்தப்ப வெச்சதுன்னு சொல்றாரு. சரி. ஆனா இந்தக் கட்டி உங்க வீட்டு வாசல்ல இருந்ததுன்னு நான் எப்படி நம்பறது? கடற்கரையில எவ்வளவோ காரை கிடக்குது."

லாசர் வெளியே போனான். திரும்பி வரும்போது வாசக்காலின் வலது கால் அவன் தோளில் இருந்தது. ஆறடி வேப்பமரம். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவன் அதை மேஜைமேல் கிடத்தினான். ஃபைல் இரண்டு கீழே விழுந்தது.

"மன்ச்சுக்கோ மேடம். அடிக்கட்டைய பாரு."

மரத்தின் அடியில் வட்டமாக ஒரு பச்சைக் கறை, இருபது பைசா அளவுக்கு. ஓரத்தில் உளி வெட்டின தழும்பு. லாசர் காரைக்கட்டியை எடுத்து அதோடு சேர்த்துப் பிடித்தான். தழும்பும் காரையில் எழும்பிய மேடும் பொருந்தின. கறையும் பள்ளமும் பொருந்தின. தாரணி எழுந்துவந்து குனிந்து பார்த்தாள். தானே ஒருமுறை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள்.

"பொருந்துது" என்றாள். உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "ஆனா அவரே எழுதியிருக்காரு பாருங்க, எந்த வருஷம் வெச்சதுன்னு சொல்ல முடியாதுன்னு. புதுக் காசை யாராவது பத்து, இருபது வருஷம் செலவு பண்ணாம வெச்சிருந்து, அப்பறம் வீடு கட்டும்போது வெச்சிருந்தா? எனக்கு மேல இருக்கறவங்க இதைத்தான் கேப்பாங்க."

லாசர் தலை குனிந்தான். அனு கடிதத்தையே பார்த்தாள். அவ்வளவுநேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்த தேசம்மா முன்னால் வந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"எங்க மாமியாரும் மீன் வித்தவதான். இன்னிக்கி வித்துக்கினு வந்தாதான் நாளைக்கி சோறு. இருபது பைசாக்கு அன்னிக்கி இன்னா வரும்? ஒரு ஆழாக்கு நொய்யாவது வரும். எங்கள மாரி வூட்ல, நீயே சொல்லு மேடம், இருபது வருசம் ஒரு காச செலவு பண்ணாம எவ வெச்சினு குந்தியிருப்பா? மழைக்காலம் வராதா? புள்ளைக்கு ஜொரம் வராதா? மண்ணுக்கு அடியில போட்டு செவுரு எழுப்பிக்கினாதான் எங்களாண்ட ஒரு காசு மிஞ்சும். அதான் மிஞ்சிக் கீது."

வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் தாரணியைப் பார்த்தார்கள். அவள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு ஃபைலைத் திறந்தாள்.

"கட்டியையும் லெட்டரையும் நான் ஃபைலோட வெச்சுக்கறேன். காசு உங்களுதுதான், எடுத்துக்கங்க."

தேசம்மா காசை எடுத்துக்கொண்டாள். நகரவில்லை. "ரசீது குடு மேடம்."

"எதுக்கு?"

"அந்த கட்டிக்கு. குடுத்த பொருளுக்கு ரசீது வேணும். ஒருவாட்டி எல்லாத்தையும் தண்ணிக்கு வுட்டவ நான்."

தாரணிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள். எழுதி முடித்து நீட்டினாள்.

"அனு, படி."

அனு படித்தாள். "கதவு எண் நாற்பத்து மூன்று, லாசர் மனைவி தேசம்மாவிடமிருந்து காரைக்கட்டி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது."

"இன்னா காரை? எங்கேர்ந்து எடுத்தது? எந்த வருசத்து காரை? எதுவுமே இல்லியே. மீன் வாங்கசொல்லோ இன்னா மீனுன்னு கேக்காம வாங்குவியா மேடம்?"

தாரணி தாளைத் திரும்ப வாங்கினாள். பேனா தாள்மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எண்பதுக்கு முந்தின ஒரு வருஷத்தை அவள் எழுதிவிட்டால் அந்தக் காகிதமே சாட்சி. பிறகு அவள் எழுதினாள். எழுதி, சீல் குத்தி, தேதி போட்டுக் கொடுத்தாள்.

அனு உரக்கப் படித்தாள். "மேற்படி வீட்டின் வாசக்காலின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. வீடு கட்டிய ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று."

"அடுத்து யாரு? வாங்க" என்றாள் தாரணி. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். லாசர் தோளில் வாசக்கால். வீட்டு முன்னால் வந்து நின்றபோதுதான் வாசல் இல்லாதது கண்ணில் பட்டது. மூங்கிலும் துடுப்பும் முட்டுக் கொடுத்து நின்றன. அனு தொங்கவிட்டிருந்த பழைய புடவை காற்றில் உள்ளேயும் வெளியேயும் ஆடியது.

"காயிதத்த எங்க மே வெக்கப் போற?" என்றான் லாசர். "கதவுகூட இல்ல."

தேசம்மா மடித்த தாளை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டாள். "அனு, நாளைக்கி உங்கடையில இத்த மூணு ஜெராக்ஸ் எடு. ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். ஒண்ணு சேட்டு வூட்ல."

"இன்னொண்ணு?"

"மைலாப்பூர்ல அந்த அய்யரூட்ல குடுத்து வை. ரெண்டாவது மாடி. கடலு அம்மாந்தூரம் ஏறாது."

சொல்லிவிட்டு அவள் கொல்லைப்பக்கம் போனாள். மீன் கூடையைக் கவிழ்த்து காய்ந்துபோன செதிலைத் தட்டினாள். நாலு மணி ஏலத்துக்கு இப்போதே கழுவி வைக்கவேண்டும். நாரை எடுத்து மணலைத் தொட்டவள் ஒருகணம் நிறுத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசை எடுத்து, தூரமாக ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வந்து கூடையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.